ஏழாவது லேப்பில் சுவரில் இடித்த பிறகும்: எண்டியூரன்ஸ் கேம் பந்தயத்தில் பிட் கணக்கு

மூன்று மணி நேரப் பந்தயம், பெல்ஜியத்தின் ஸ்பா சர்க்யூட், ஏசிசி (அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே) கேம், ஜிடி3 என்ற ரேஸ் வகையில் 23 கார்கள். ஒன்பதாவதாகக் கிளம்பினேன். ஏழாவது லேப்பில், கெம்மல் நேர்கோடு முடியும் லெ கோம்ப் வளைவில் பக்கத்துக் காரோடு உரசி, சுழன்று, தடுப்பில் இடித்து நின்றேன். காரைத் திருப்பிக் கிளப்புவதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். இடம் 23. பழுது பார்க்க 38 நொடி ஆகும் என்று திரையில் காட்டுகிறது. இந்த நிமிடத்தில்தான் நிறையப் பேர் வெளியேறும் பட்டனை அழுத்திவிட்டு டின்னர் சாப்பிடப் போய்விடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கிறது, சரியாகக் கணக்குப் போட்டவருக்கு முதல் ஆறு ஏழு இடம் அப்போதும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி போர்ஷே 991 கார்களின் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து எண்டியூரன்ஸ் (மணிக்கணக்கில் ஓடுகிற நீண்ட பந்தயம்) என்றால் என்ன என்று கேட்டு வருகிறவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் கூடியிருக்கிறார்கள். அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் ஸ்டீயரிங் பிடிப்பது, பிரேக் அடிப்பது பற்றியெல்லாம் இதில் எதுவும் இல்லை. பிட்டுக்கு (பெட்ரோல், டயர், பழுதுக்காக நிற்கிற இடத்துக்கு) எப்போது போவது, எவ்வளவு பெட்ரோல் போடுவது, அடிபட்ட பிறகு என்ன செய்வது, இவ்வளவுதான்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் எடுக்க வேண்டிய நான்கு எண்கள்

பிராக்டிஸ் செஷனில் டேங்க்கை முழுசாக நிரப்பிக்கொண்டு பத்து லேப் ஓட்டுங்கள். வேகமான ஒரு லேப்பை எடுத்து அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பத்தின் சராசரி வேண்டும், அதுவும் முன்னால் பின்னால் கார்கள் இருக்கும்போது ஓட்டுகிற மாதிரி ஓட்டியது வேண்டும். அதிலிருந்து லேப் நேரம், லேப்புக்கு எத்தனை லிட்டர் என்ற இரண்டு எண்கள் கிடைக்கும். டேங்க் கொள்ளளவு மூன்றாவது. நான்காவது எண்ணை யாரும் எடுப்பதில்லை: ஒரு பிட் ஸ்டாப்புக்கு மொத்தமாக எத்தனை நொடி போகிறது. கார் நிற்கிற நேரம் மட்டும் அதற்கான விடை கிடையாது. பிட்டுக்குள் நுழைகிற லேப்பையும் வெளியே வருகிற லேப்பையும் கூட்டி, அதிலிருந்து இரண்டு சாதாரண லேப்பைக் கழித்தால் வருவதுதான் உண்மையான நஷ்டம்.

என் காருக்கு அன்றைக்கு இருந்த எண்கள்: லேப் 2 நிமிடம் 20 நொடி, அதாவது 140 நொடி. லேப்புக்கு 3.6 லிட்டர். டேங்க் 120 லிட்டர். ஒரு பிட்டுக்கு 65 நொடி நஷ்டம்.

இப்போது கணக்கு. மூன்று மணி நேரம் 10,800 நொடி. இரண்டு பிட்டுக்கு 130 நொடி கழித்தால் 10,670. அதை 140 ஆல் வகுத்தால் 76.2. மணி முடிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கிற லேப்பை முடித்துத்தான் ஆக வேண்டும், ஆகவே 77 லேப். ஒரு டேங்க்குக்கு 33 லேப் ஓடும். மூன்று டேங்க் என்றால் 99 லேப். தேவை 77. ஆக இரண்டு பிட்டில் முடித்துவிடலாம், அதற்கு மேலும் 22 லேப் ஓடுகிற பெட்ரோலுக்கு இடம் கையில் இருக்கிறது.

அந்த 22 லேப்தான் உங்கள் கையிருப்பு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் டேங்க் காலியாகும் வரை ஓட்டி 33 ஆவது லேப்பில் போவது, மறுபடி 66 ஆவது லேப்பில் போவது என்று எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில் 11 லேப்புக்குக் கொஞ்சம் பெட்ரோல் போட்டு முடிக்கிறார்கள். ஓடும், தப்பில்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டிய எண் அதற்கு நேர் எதிர் முனையில் இருக்கிறது: பிட் எண்ணிக்கை கூடாமல் எவ்வளவு சீக்கிரம் முதல் பிட்டுக்குப் போகலாம்? 77 லிருந்து இரண்டு முழு டேங்க்கின் 66 லேப்பைக் கழித்தால் 11. அதாவது 11 ஆவது லேப் முடிந்ததிலிருந்து எப்போது பிட்டுக்குள் போனாலும் எனக்கு அது எப்படியும் போக வேண்டிய பிட்தான், கூடுதல் செலவு இல்லை. இந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைப்பேன். அடிபட்ட பதற்றத்தில் கணக்குப் போடுகிற மனநிலை யாருக்கும் இருக்காது, காகிதத்தைப் பார்த்தால் போதும்.

ஃபார்மேஷன் லேப்பில், அதாவது பந்தயம் தொடங்குவதற்கு முன் எல்லாரும் வரிசையாகப் போகிற சுற்றில், செலவாகிற பெட்ரோலை நான் மேலே சேர்க்கவில்லை. அது முதல் டேங்க்கில் மட்டும் கொஞ்சம் குறையும், மேலே உள்ள 11 மாறாது.

அப்புறம் சர்வர் விதிகள். ஏசிசியில் கட்டாயப் பிட் இருக்கிறதா, அதில் பெட்ரோல் போட்டே ஆக வேண்டுமா, டயர் மாற்றியே ஆக வேண்டுமா, பெட்ரோல் போடும் நேரம் நிலையானதா, இதெல்லாம் சர்வர் நடத்துகிறவர் வைக்கிற அமைப்புகள். ஒரு மணி நேர ஸ்பிரிண்ட் வடிவத்தில் நிஜ ஜிடி வேர்ல்டு சேலஞ்ச் பந்தயத் தொடரைப் போலவே 25 ஆவது நிமிடத்திலிருந்து 35 ஆவது நிமிடத்துக்குள்தான் பிட்டுக்குப் போக வேண்டும் என்று வைப்பார்கள், அதற்கு முன்னால் போனால் கணக்கில் வராது. பெட்ரோல் நேரம் நிலையானதா என்பது முக்கியமான கேள்வி. நிலையானது என்றால் குறைந்த பெட்ரோலோடு லேசான காராகக் கிளம்புவது லாபம், பிட்டில் எவ்வளவு போட்டாலும் ஒரே நேரம்தான். லிட்டர் கணக்கில் நேரம் ஓடும் என்றால் டேங்க்கை முழுசாக நிரப்பிக் கிளம்புங்கள், ஏனென்றால் கிளம்பும்போது இருக்கிற பெட்ரோலுக்கு நீங்கள் ஒரு நொடியும் கொடுக்கவில்லை.

அடிபட்டால்: உடனே போவதா, ஓட்டுவதா

இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். அடிபட்ட காரோடு ஓட்டினால் லேப்புக்கு எவ்வளவு நொடி போகிறது, அது திட்டமிட்ட பிட் வரைக்கும் எவ்வளவாகச் சேரும் என்பது ஒன்று. இப்போதே போனால் கூடுதலாக ஒரு பிட் ஆகுமா ஆகாதா என்பது இன்னொன்று. பாடியில் மட்டும் அடி, லேப்புக்கு 0.7 நொடி போகிறது, பிட்டுக்கு இன்னும் 15 லேப் என்றால் மொத்த நஷ்டம் 10.5 நொடி. அதைக் காப்பாற்ற 65 நொடி கொடுத்து ஒரு கூடுதல் பிட் போடுவது தப்பு. அதே அடி 14 ஆவது லேப்பில் நடந்திருந்தால், 11 ஐத் தாண்டிவிட்டோம், கூடுதல் பிட்டே ஆகாது, அதே லேப்பில் உள்ளே போய்விட வேண்டும். ஒரே அடிக்கு இரண்டு வெவ்வேறு பதில்கள் வருகின்றன, அதைத் தீர்மானிப்பது காகிதத்தில் ஒட்டியிருக்கிற எண்.

சஸ்பென்ஷன் அடி வேறு கதை. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும், பிரேக் அடித்தால் கார் நேராக நிற்காமல் விலகி ஓடும், லேப்புக்கு ஒன்றரை இரண்டு நொடி போவது மட்டுமில்லாமல் அடுத்த சுவரும் சீக்கிரமே வரும். அதை வைத்துக்கொண்டு இருபது லேப் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் முடித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கு ஏழாவது லேப்பில் நடந்தது. 11 க்கு நான்கு லேப் குறைவு. சாதாரணமாகப் பார்த்தால் இப்போது போனால் மூன்று பிட், இல்லையென்றால் இழுக்கிற ஸ்டீயரிங்கோடு நான்கு லேப். டிஸ்கார்டு ஆப்பில் என் சித்தப்பா மகன் கேட்டுக்கொண்டிருந்தான், பந்தயத்தின்போது கணக்கைப் பார்த்துச் சொல்கிற வேலை அவனுடையது.

"அண்ணா, நான்கு லேப் தள்ளு, இப்ப போனா மூணு பிட் ஆகும்."

"எழுபது லேப் பாக்கி. ரெண்டு டேங்க் 240 லிட்டர். வகுத்துப் பாரு."

"3.43."

"3.6 லிருந்து எவ்வளவு குறையணும்?"

"0.17... அஞ்சு சதவீதம்கூட இல்லண்ணா."

அந்த லேப்பிலேயே உள்ளே போனேன். இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த 11 போன்ற எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் அடிபட்டால், நொடியைப் பெட்ரோல் சேமிப்பால் வாங்கிவிடலாம். 5 சதவீதம் சேமிக்க எனக்கு லேப்புக்கு 0.3 நொடி போகும் என்று பிராக்டிஸில் பார்த்து வைத்திருந்தேன். 70 லேப்புக்கு 21 நொடி. மூன்றாவது பிட் என்றால் 65. வித்தியாசம் 44 நொடி, ஸ்பாவில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லேப்.

இன்னொன்று. உள்ளே போனதும் டயர், பெட்ரோல், பழுது மூன்றையும் சேர்த்துச் செய்தேன், டேங்க்கை விளிம்பு வரை நிரப்பினேன். 25 லிட்டர்தான் பிடித்தது, பரவாயில்லை. இந்த இடத்தில் பழுது மட்டும் பார்த்துவிட்டு அவசரமாகக் கிளம்பி, முன்பு எழுதி வைத்த பழைய திட்டத்துக்கே திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த நிறுத்தம் முழுவதும் வீண், பழைய இரண்டு பிட்டும் அப்படியே பாக்கி இருக்கும். அடிபட்ட அந்த நொடியோடு பழைய திட்டம் முடிந்தது. மீதமுள்ள லேப்பை வைத்துப் புதிதாகப் பிரியுங்கள். எனக்கு அது 35, 35 என்று பிரிந்தது: 42 ஆவது லேப்பில் ஒரு பிட், பிறகு கடைசி வரை.

ஐரேஸிங் என்ற இன்னொரு கேமில் ஓட்டுகிறவர்களுக்கு: அங்கே கட்டாயப் பழுது, விருப்பப் பழுது என்று இரண்டு நேரம் காட்டும். கட்டாயத்தை முடிக்காமல் கிளம்பினால் கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடி வந்து மறுபடி உள்ளே கூப்பிடும். விருப்பப் பழுதை எந்த நொடியிலும் விட்டுவிட்டுக் கிளம்பலாம். முதல் பிட்டில் பாதி, அடுத்த பிட்டில் பெட்ரோல் போடுகிற நேரத்தில் மீதி என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி. கார் நகரவே முடியாத நிலையில் இழுவை வண்டி கூப்பிடலாம், ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து இழுக்கிறார்களோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரப் பந்தயத்துக்கான நூர்பர்க்ரிங் சுற்று 25 கிலோமீட்டருக்கு மேல். அங்கே கார் எப்படியாவது உருளுகிறதென்றால் ஓரமாக, மற்றவர்களுக்கு வழிவிட்டு, மெதுவாக ஓட்டி வருவது பெரும்பாலும் சீக்கிரம். பிட்டைத் தாண்டிய உடனே அடிபட்டால் மட்டும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் சேமிப்பது எப்படி

முழு நேரமும் ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டுவது மிக மோசமான வழி. நேர்கோட்டின் முடிவில், பிரேக் அடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே காலை எடுத்துவிட்டு காரை உருளவிடுங்கள், பிறகு வழக்கத்தைவிட மெதுவாக, வழக்கமான இடத்தைத் தாண்டி பிரேக் அடியுங்கள். காரின் வேகம் உச்சத்தில் இருக்கிற அந்தக் கடைசி எழுபது எண்பது மீட்டரில்தான் இன்ஜின் நிறையக் குடிக்கிறது, கிடைக்கிற நேரமோ மிகக் குறைவு. ஸ்பாவில் இதற்கு மூன்று வளைவுகள்: லா சூர்ஸுக்கு முன், கெம்மல் முடிவில் லெ கோம்ப்புக்கு முன், பஸ் ஸ்டாப்புக்கு முன். இந்த மூன்றும் சேர்ந்தாலே எனக்கு 0.17 வந்துவிட்டது. ஓ ரூஜ் ஏற்றத்தில் கால் எடுக்காதீர்கள், அங்கே இழக்கிற வேகம் கெம்மல் முழுக்கக் கூடவே வரும்.

அடுத்தது கியரைக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றுவது. ஜிடி3 காரில் உச்ச ஆர்பிஎம் வரை இழுக்காமல் சில நூறு முன்னால் மாற்றினால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றாவது, முன்னால் போகிற காரின் காற்று மறைப்பில் ஓட்டுவது. இது எல்லாவற்றையும்விட மலிவானது, மீண்டு வருகிறவருக்கு இன்னும் பொருத்தமானது, ஏனென்றால் முன்னால் எப்போதும் யாராவது இருப்பார்கள். நம்மைவிட அரை நொடி மெதுவாக ஓட்டுகிறவரைப் பிடித்தால் உடனே முந்தத் துடிக்காமல், நேர்கோட்டில் பின்னால் ஒட்டிக்கொண்டு இரண்டு லேப் பெட்ரோல் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு முந்துங்கள்.

பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ 7 ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. ஃப்யூயல் மேப் என்று 1 முதல் 6 வரை இருக்கிறது. 1 இல் முழு சக்தி, 6 இல் அதிகச் சேமிப்பு. பந்தயம் ஓடும்போதே மாற்றலாம். லெ மானில் அரை மணி நேரம் ஓடுகிற வேர்ல்டு டூரிங் கார் 700 பந்தயம் பழக நல்ல இடம். நீளமான நேர்கோட்டில் ஒருவர் பின்னால் ஒட்டியிருக்கும்போது மேப்பை 4, 5 என்று ஏற்றி, முந்துகிற கணத்தில் 1 க்கு இறக்குங்கள். கைப்பழக்கமாக ஆகும் வரை செய்யுங்கள்.

மற்றவர்கள் பிட்டுக்குப் போகும்போது

அண்டர்கட் என்றால் எதிராளிக்கு முன்னாலேயே பிட்டுக்குப் போய்ப் புது டயரில் வேகமாக ஓட்டி, அவர் போய் வருவதற்குள் முன்னால் வந்துவிடுவது. ஓவர்கட் அதற்கு நேர்மாறு, அவர் போன பிறகும் வெளியே இருந்து காலியான பாதையில் ஓட்டுவது. எது பலிக்கும் என்பது ஒரே விஷயத்தைப் பொறுத்தது, பிட்டிலிருந்து வெளியே வருகிற டயர் முதல் லேப்பில் பிடிக்கிறதா இல்லையா. சூடாக்கிய டயர் தருகிற கேமில் அண்டர்கட் பலிக்கும். குளிர்ந்த டயரோடு வெளியே விடுகிற கேமில் வெளியே வருகிற லேப்பே இரண்டு மூன்று நொடி மெதுவாக இருக்கும், அங்கே ஓவர்கட்தான். பிராக்டிஸில் அந்த முதல் லேப்பை ஒருமுறை அளந்தால் வாதமே தேவையில்லை.

ஆனால் 23 ஆவது இடத்திலிருந்து வருகிறவருக்கு அண்டர்கட்டைவிட முக்கியம் காலிப் பாதை. ஆறு கார் ரயில் மாதிரி ஒட்டிக்கொண்டு போகும்போது அதில் ஏழாவதாக மாட்டினால் லேப்புக்கு ஒன்றரை நொடி போகும். கையிருப்பு லேப் இருந்தால் அந்த ரயிலைப் பார்த்த உடனே பிட்டுக்குப் போய்விடுங்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு நேரத்தை இழக்கிற பத்து லேப்பில் நீங்கள் தனியாக, சண்டை இல்லாமல், ஒரே சீராக ஓட்டுவீர்கள், அவர்கள் பிட் முடித்து வரும்போது பாதிப்பேர் உங்களுக்குப் பின்னால் இருப்பார்கள். ஒருவரைக்கூட முந்தாமல் நான்கு இடம் வருகிற வழி இது. எனக்கு அன்றைக்கு 23 லிருந்து 14 வரை வந்ததில் பாதையில் முந்தியது மூன்றே பேரை.

ஏசிசியில் பாதுகாப்பு கார் கிடையாது. நிஜ பந்தயத்தில் மாதிரி எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிற அதிர்ஷ்டம் வராது, ஆகவே இழந்த நொடி ஒவ்வொன்றையும் நாமே சம்பாதிக்க வேண்டும். அதோடு, மற்றவர்கள் இழப்பார்கள் என்பதையும் நம்ப வேண்டும், அது பேராசை ஒன்றும் இல்லை. 2017 லெ மானில் போர்ஷேயின் 2 ஆம் எண் கார் முன் அச்சு மோட்டார் பழுதாகி ஒரு மணி நேரத்துக்கும் மேல் கராஜில் நின்றது. வெளியே வந்து, பெர்ன்ஹார்டும் ஹார்ட்லியும் பாம்பரும் மாறி மாறிச் சீராக ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் இருந்த பெரிய கார்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, கடைசியில் முதலிடத்தில் இருந்தது எல்எம்பி2 என்ற கீழ்ப் பிரிவின் ஒரு கார், அதையும் முந்தி ஜெயித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் தங்கள் வேகத்தால் அவர்கள் திரும்ப வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. அடுத்த பிழை செய்யாமல் ஓடினார்கள்.

கேமில் அந்த அடுத்த பிழை எப்போது வரும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்: பிட்டிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு லேப்பில். கோபம் இருக்கும், டயர் முழுசாகச் சூடாகியிருக்காது, டேங்க் நிறைந்து கார் கனமாக இருக்கும், பிரேக் தூரம் கூடியிருக்கும். அந்த இரண்டு லேப்பில் மூன்று நொடி இழந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

பிட்டுக்குள் நடக்கிற அற்பமான தவறுகள்தான் அதிக நேரத்தைத் தின்கின்றன. ஏசிசியில் பிட் பாதையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேக வரம்பு, வேகத்தை அதற்குள் பிடித்து வைக்கிற லிமிட்டரை நாமே போட வேண்டும். பிட் பெட்டியைத் தாண்டி நின்றால் பின்னால் வர வேண்டும். எத்தனை லிட்டர், எந்த டயர் செட், எந்தப் பழுது என்பதை முந்தைய லேப்பிலேயே, நேர்கோட்டில், திரையில் அமைத்துவிட வேண்டும், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் பிட்டுக்குள் திரும்பிக்கொண்டே அமைக்கக் கூடாது. சில கேம்களில் நின்ற பிறகு இன்ஜினை நாமே கிளப்ப வேண்டும், அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிட்டுக்குள் போவதை மட்டும் ஒரு மாலை முழுக்க இருபது தடவை செய்து பழகுங்கள். லேப் நேரத்தில் 0.2 நொடி தேடி ஒரு வாரம் செலவழிப்பதைவிட இது நிறையத் தரும்.

மழை

பின்னால் இருப்பவருக்கு மழையைப் போல ஒரு வரம் இல்லை. ஏசிசி திரையில் இப்போதைய வானிலை, பத்து நிமிடத்துக்குப் பிறகு, அரை மணி நேரத்துக்குப் பிறகு என்று மூன்றும் தெரியும். ஜிடி3 இல் உலர் டயர், மழை டயர் இரண்டுதான், நடுவில் ஒன்றும் கிடையாது. ஆகவே தூறல் நேரத்தில் முடிவு எடுப்பது கடினம், கடினம் என்பதால்தான் அங்கே இடங்கள் கைமாறுகின்றன. முதலில் இருப்பவர் இரண்டாவதாக இருப்பவரைப் பார்த்து அதையே செய்வார், அவருக்கு அது சரி. நீங்கள் 15 ஆவது என்றால் முன்னால் இருக்கிற 14 பேர் செய்வதையே செய்து 15 ஆவதாக முடிப்பதில் ஒன்றும் இல்லை, ஒரு லேப் முன்னாலோ ஒரு லேப் பின்னாலோ மாறிச் செய்யுங்கள். பெட்ரோல் கையிருப்பு இருந்தால் மழை வரும் என்று காட்டும்போது பிட்டைத் தள்ளிப் போட்டு, மழை டயருக்கான நிறுத்தத்தையும் பெட்ரோலுக்கான நிறுத்தத்தையும் ஒன்றாக்கிவிடலாம். 22 லேப் கையிருப்பு என்று சொன்னேனே, அது அடிபடுவதற்கு மட்டும் இல்லை, இதற்கும்தான்.

டயர் அழுத்தத்தை மறக்காதீர்கள். ஏசிசியில் உலர் டயர் சூடான பிறகு 26 க்கும் 27 க்கும் நடுவே பிஎஸ்ஐ இருக்க வேண்டும், மழை டயர் 30 க்குப் பக்கத்தில். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 குறையும். பகலில் தொடங்கி இரவில் முடிகிற பந்தயத்தில் பகல் அழுத்தத்தையே இரவு டயருக்கும் விட்டுவிட்டு, கார் ஏன் பிடிக்கவில்லை என்று குழம்புகிறவர்கள் நிறைய.

இணைப்பு

2023 ஜனவரியில் ஆர்ஃபேக்டர் 2 கேமில் நடந்த மெய்நிகர் லெ மான் 24 மணி நேரத்தில், முதலிடத்தில் இருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் இணைப்பு துண்டித்துப்போய், கார் பல இடங்கள் பின்னால் போனது, பிறகு அவர் பந்தயத்திலிருந்தே விலகினார். உலக சாம்பியனுக்கே அது நடக்கும்போது நம் வீட்டில் நடக்காமலிருக்குமா. வைஃபையை நம்பாமல் கேபிள் போடுங்கள். ரௌட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள், இன்வெர்ட்டர் மாறுகிற அந்த ஒரு நொடியில் கம்ப்யூட்டர் தாக்குப்பிடித்தாலும் ரௌட்டர் அணைந்து எழுந்துவிடும், எனக்கு இப்படி ஒரு ஆறு மணி நேரப் பந்தயம் நாலரை மணி நேரம் ஓடிய பிறகு போயிருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் போனில் ஓடுகிற டவுன்லோடுகளை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி அரை மணி நேரம்

42 ஆவது லேப்பில் திட்டப்படியே உள்ளே போய், டேங்க்கை நிரப்பி, வெளியே வந்தபோது 14. முன்னால் இருந்தவர்களில் நான்கு பேர் 66 க்குப் பக்கத்தில் இன்னொரு முறை நிற்க வேண்டியவர்கள், நான் நிற்க வேண்டாம். இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பழுதுக்குப் போனார்கள். 68 ஆவது லேப்பில் பார்க்கும்போது எட்டாவது.

நேரக் கணக்கில் ஓடுகிற பந்தயத்தில் ஒரு விஷயம் நிறையப் பேர் கவனிப்பதில்லை. லீடர், அதாவது முதலிடத்தில் ஓடுகிறவர், கோட்டைத் தாண்டி முடித்ததும், மற்றவர்கள் அடுத்த முறை கோட்டைத் தாண்டும்போது முடிந்தது. ஆகவே லீடர் உங்களை ஒரு லேப் முந்திவிட்டால் நீங்கள் ஒரு லேப் குறைவாக ஓட்டினால் போதும், ஒரு லேப் பெட்ரோல் மிச்சம். இதற்கு மறுபக்கமும் உண்டு: நேரம் முடிய நான்கு நொடி இருக்கும்போது லீடர் கோட்டைத் தாண்டினால் எல்லாருக்கும் இன்னொரு முழு லேப் வந்து சேரும், அதை எதிர்பார்க்காதவர்கள் பெட்ரோல் தீர்ந்து ஸ்டாவ்லோ வளைவுப் பக்கம் ஓரமாக நிற்பார்கள். கடைசி இருபது நிமிடம் உங்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் லீடரின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், அவருடைய லேப் நேரத்தை வைத்துத்தான் உங்கள் பெட்ரோல்.

"அண்ணா, லீடர் மூணு நொடி பின்னாடி, உன்னை ஒரு லேப் முந்தப் போறார். வழிவிடச் சொல்லி நீல கொடி வரும்."

"விட்டுடறேன். அவருக்கு மொத்தம் எத்தனை லேப் வரும்?"

"77. உனக்கு 76தான். ஒரு லேப் மிச்சம்ணா, இனிமே சேமிக்க வேண்டாம்."

அதுவரை 64 லேப் லா சூர்ஸுக்கு முன் கால் எடுத்துக்கொண்டே வந்தவன், 72 ஆவது லேப்பிலிருந்து எடுக்கவில்லை. லேப்புக்கு 0.3 நொடி உடனே திரும்பி வந்தது. ஏழாவதாக இருந்தவர் பெட்ரோல் சேமித்துக்கொண்டிருந்தார், கெம்மலில் 74 ஆவது லேப்பில் பக்கத்தில் போய் முந்தினேன், அதே லெ கோம்ப், இந்த முறை உள்பக்கம், ஒரு கார் அளவு இடம் விட்டு. ஆறாவது கார் பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் கடைசி லேப்பில் திணறித் திணறி மெதுவாகியது, டேங்க் காலி. கோட்டைத் தாண்டும்போது என் காரில் 2.4 லிட்டர் இருந்தது, இடம் 6.